நான்கு நொடியும் இரண்டு மாதமும்

மின்தொகுப்பின் உச்சியில் கட்டுப்பாடு கூர்மையாகிவிட்டது. அலுவலகம், வீடு, இறால் பண்ணை, பாசனக் கிணறு என்று கீழே வரவர அது மங்கிப்போகிறது. மின் சிக்கனத்தில் இனி எடுக்க வேண்டியதில் பெரும்பங்கு இந்த இடைவெளியில் கிடக்கிறது.

2020 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. கொரோனா ஊரடங்கு தொடங்கிப் பன்னிரண்டாம் நாள். பிரதமரின் வேண்டுகோளை ஏற்று இரவு 9 மணிக்கு நாடெங்கும் வீடுகளில் விளக்குகள் அணைந்தன. திண்ணையிலும் மொட்டைமாடியிலும் அகல்விளக்கு, மெழுகுவத்தி, செல்போன் டார்ச். ஒன்பது நிமிடம்தான். அதையொட்டி நாட்டின் மின்தேவை 31,089 மெகாவாட் சரிந்தது. எதிர்பார்த்திருந்ததோ 12,000 முதல் 14,000 மெகாவாட் வரைதான். கடலூர் மாவட்டப் பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் நிற்கும் அனல்மின் நிலையத்தின் ஓர் அலகு 600 மெகாவாட். அப்படிப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட அலகுகளின் முழு உற்பத்தி அரைமணி நேரத்துக்குள் வேண்டாததாகிப்போனது என்று பொருள். விளக்குகள் எரிந்தபின் அதில் பெரும்பகுதி மறுபடி தேவைப்பட்டது.

எங்கும் தொகுப்பு விழவில்லை. நீர்மின் நிலையங்கள் 17,000 மெகாவாட்டுக்கும் மேல் உற்பத்தியை இறக்கி, விளக்குகள் எரிந்ததும் மீண்டும் ஏற்றின. அதிர்வெண் 49.70 ஹெர்ட்ஸுக்கும் 50.26 ஹெர்ட்ஸுக்கும் இடையே ஆடி நின்றது. அன்றிரவு பேசப்பட்டது விளக்குகளைப் பற்றி. வேலை செய்தது கட்டுப்பாட்டு அறைகள்.

ஐம்பதில் நிறுத்துவது

மாறுமின்சாரத்தைப் பெரிய அளவில் அப்படியே சேர்த்துவைக்க முடியாது. ஒவ்வொரு கணமும் உற்பத்தியும் நுகர்வும் சமமாக இருந்தாக வேண்டும். தேவை மிஞ்சினால், ஏற்றத்தில் பாரம் கூடிய வண்டிபோல, நாட்டின் ஜெனரேட்டர்கள் எல்லாமே ஒரு துளி மெதுவாகச் சுழல்கின்றன. அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்குகிறது. உற்பத்தி மிஞ்சினால் ஏறுகிறது. சிதம்பரத்தில் ஒரு சுவர்ப் பிளக்கில் அளந்தாலும் ஸ்ரீநகரில் அளந்தாலும் ஏறத்தாழ அதே எண்தான் வரும். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாகத் தென்மண்டலம் பிற மண்டலங்களோடு இணைந்தபின் நாடு முழுவதும் ஒரே தொகுப்பு.

இந்த எண்ணைப் பிடித்து நிறுத்துவது மூன்று அடுக்குகளில் நடக்கிறது. முதலாவது, ஒவ்வொரு டர்பைனிலும் இருக்கும் கவர்னர். வேகம் குறைந்தால் நீராவி வால்வைத் திறக்கும், கூடினால் மூடும். ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி எஞ்சினில் பொருத்திய சுழல் குண்டுகளின் வழித்தோன்றல் அது. அந்தக் குண்டுகள் சில வேளை ஏன் நிலைகொள்ளாமல் ஊசலாடுகின்றன என்று 1868-இல் மேக்ஸ்வெல் கணக்குப் போட்டுக் காட்டியதிலிருந்துதான் கட்டுப்பாட்டியல் ஒரு துறையாக வளர்ந்தது.

கவர்னர் சரிவைத் தடுக்கும். பழைய இடத்துக்குக் கொண்டுவராது. அந்த வேலையை இரண்டாம் அடுக்கு செய்கிறது. ஒரு மையக் கணினி அதிர்வெண்ணையும் மண்டலங்களுக்கு இடையே ஓடும் மின்சாரத்தையும் பார்த்து, எந்த நிலையம் எவ்வளவு ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்று 4 நொடிக்கு ஒருமுறை உத்தரவு அனுப்புகிறது. இந்தியாவில் இதன் முதல் சோதனை 2018 ஜனவரியில் தாத்ரி அனல்மின் நிலையத்தில் நடந்தது. 2022 டிசம்பரில் முறையான சேவையாயிற்று. மூன்றாம் அடுக்கு மெதுவானது. கையிருப்பாக நிற்கும் நிலையங்களை அழைத்து, இரண்டாம் அடுக்கின் சுமையை இறக்கிவைப்பது அதன் பணி.

இவற்றுக்கு மேலே பணக் கணக்கு. 2019 ஏப்ரல் முதல் தேசிய சுமை அனுப்பீட்டு மையம், மத்திய ஒழுங்குமுறை ஆணையம் விலை நிர்ணயிக்கும் நிலையங்களை ஒன்றாக வைத்து, மலிவானதை ஏற்றி விலை கூடியதை இறக்கும் உகப்பாக்கத்தைச் செய்துவருகிறது. ஒரு நாள் 15 நிமிடங்கள் கொண்ட 96 கட்டங்களாகப் பிரிகிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. எரிபொருளையோ இயந்திரத்தையோ மாற்றாமல், எது எப்போது ஓட வேண்டும் என்பதை மட்டும் மாற்றிக் கிடைக்கும் சேமிப்பு இது. சுரங்க வாயிலிலேயே நிலையம் வைத்து மலிவாக எரிக்கும் நெய்வேலி போன்ற இடங்களுக்கு இந்த முறையில் இயல்பாகவே முன்னுரிமை கிடைக்கும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் துறையிலிருந்து சுமை–அதிர்வெண் கட்டுப்பாடு பற்றி ஆண்டுக்கணக்கில் ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. இரண்டு மண்டலங்கள், ஒரு இணைப்புத் தடம், திடீரென ஏறும் சுமை என்று அவற்றில் வரும் கணக்கு, வெறும் தேர்வுத்தாள் கணக்காக வெகுகாலம் தெரிந்தது. நாட்டில் அதைச் செய்துபார்க்கும் வசதி வந்தபோதுதான் அதன் பெறுமதி வெளியே தெரிந்தது.

─────────────
எண்கள் பேசும் இடம்

• விதிப்படி அதிர்வெண் இருக்க வேண்டிய எல்லை: 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ்.

• 49.4-இல் தொடங்கி நான்கு படிகளில், தானியங்கி ரிலேக்கள் ஊர்களை வெட்டிவிட்டுத் தொகுப்பைக் காக்கும்.

• தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று எட்டிய அளவு: 20,830 மெகாவாட்.

• கோவை மாவட்டத்தின் காடம்பாறை நீரேற்று மின்நிலையம்: 400 மெகாவாட். மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரமாக்கும்.
─────────────

கடற்கரைப் புகைபோக்கிக்கு வந்த புது வேலை

பரங்கிப்பேட்டை அருகே ஐஎல் அண்டு எஃப்எஸ் தமிழ்நாடு பவர் நிறுவனம் இரண்டு 600 மெகாவாட் அலகுகளை அமைத்தபோது, அனல்மின் நிலையத்தின் இலட்சணம் இராப்பகலாக ஒரே சீராக ஓடுவதுதான். முதல் அலகு 2015-இலும் இரண்டாவது 2016-இலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. அதே 2016-இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்பண்ணை வந்தது. ஆட்டம் அங்கே மாறியது.

இன்று நண்பகலில் சூரிய மின்சாரம் பொங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் காற்றாலைகளும் சேர்ந்துகொள்கின்றன. அந்த நேரத்தில் நிலக்கரி நிலையங்கள் குனிந்து வழிவிட வேண்டும். மாலை ஆறரைக்குச் சூரியன் ஒதுங்கும்போது வீடுகளில் விளக்கும் ஏசியும் எழும்பும். அதே நிலையங்கள் விரைந்து நிமிர வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 ஜனவரி விதிகள் இதை எண்ணாக எழுதிவிட்டன. நிலக்கரி அலகுகள் முதலில் 55 விழுக்காட்டுக்கும், பிறகு படிப்படியாக 40 விழுக்காட்டுக்கும் இறங்கி ஓடக் கற்றுக்கொள்ள வேண்டும். 600 மெகாவாட் அலகுக்கு இது முறையே 330, 240 மெகாவாட். சுமை 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது நிமிடத்துக்கு 3 விழுக்காடு என்ற வேகத்தில் ஏறவும் இறங்கவும் வேண்டும்; கீழே போகப்போக இந்த வேகம் தளர்கிறது.

எழுதுவது சுலபம். பாய்லரில் நெருப்பு தணிந்தால் சுடர் நிலையற்றுப்போகும்; அணைந்துவிடாமல் தாங்க எண்ணெய் ஊற்ற வேண்டிவரும். நீராவியின் வெப்பம் தாறுமாறாக ஏறி இறங்கினால் குழாய்களும் டர்பைன் உறைகளும் களைத்து விரிசல் விடும். பாதிச் சுமையில் ஒரு யூனிட்டுக்கு எரியும் நிலக்கரியும் கூடும். மேம்பட்ட கட்டுப்பாட்டுக்கு இங்கேதான் வேலை. பாய்லர், டர்பைன் இரண்டையும் தனித்தனியாக விரட்டாமல், நிலக்கரி, காற்று, தண்ணீர், வால்வு எல்லாம் அடுத்த சில நிமிடங்களில் எப்படி நகரும் என்று முன்கூட்டிக் கணித்து ஒன்றாக அசைப்பது. இந்த முன்கணிப்புக் கட்டுப்பாடு 1970-களின் இறுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் பிறந்தது. நிலக்கரித் தூள் பாய்லருக்குள் போய் நீராவியாக மாறச் சில நிமிடங்கள் ஆகும். பிழை நடந்தபின் திருத்தும் வழக்கமான கருவி அந்தத் தாமதத்தில் திணறும். முன்னரே பார்க்கும் கருவி திணறாது.

இவ்வளவு செய்தாலும் அனல்மின் நிலையம் வளைவதற்கு ஒரு வரம்பு உண்டு. தேவையும் கொஞ்சம் வளைந்தால்தான் கணக்கு சரியாகும்.

ஊரையே அணைத்த காலம்

தேவையை வளைக்கும் கலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அதன் மிக முரடான வடிவம் 2008-இலிருந்து சில ஆண்டுகள் எல்லோரையும் வாட்டியது. 2012-இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் 14 மணி நேரம் வரைகூட மின்வெட்டு இருந்தது. ஒரு ஃபீடரை, அதாவது ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடத்தை, அணைத்தால் அதில் மருத்துவமனையும் அணையும், காலியாகக் கிடக்கும் கல்யாண மண்டபத்தின் குழல்விளக்குகளும் அணையும். தேவையானது எது, தேவையற்றது எது என்று பிரிக்கத் தெரியாத கட்டுப்பாடு அது.

அந்தக் காலத்து வெறுப்பிலிருந்து ஒரு நல்ல யோசனை முளைத்தது. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான குழு, பற்றாக்குறை நேரத்தில் வீட்டை முழுக்க அணைக்காமல், 48 வோல்ட் நேர்மின்சாரத் தடம் ஒன்றில் மட்டும் சிறிதளவு மின்சாரம் தொடர்ந்து வரும் முறையை வடிவமைத்தது. சில எல்இடி விளக்கு, ஒரு சிக்கனமான மின்விசிறி, ஒரு செல்போன் சார்ஜர் ஓடும். கிரைண்டரும் ஏசியும் ஓடாது. பற்றாக்குறை தணிந்தபின் இந்த முறையைப் பற்றிய பேச்சும் தணிந்துவிட்டது. அது வருத்தத்துக்குரியது; அதன் அடிப்படை இன்னும் சரியாகத்தான் இருக்கிறது.

சுவரிலும் தண்ணீரிலும் சேரும் குளிர்

மின்சாரத்தைச் சேர்த்துவைப்பது விலையுயர்ந்த காரியம். குளிரைச் சேர்த்துவைப்பது அப்படியல்ல. தடித்த சுவரும் கான்கிரீட் தளமும் சில மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும்; தொட்டித் தண்ணீர் அதைவிடக் கூடுதலாகப் பிடிக்கும். நண்பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சும்போது கட்டடத்தைச் சற்றுக் கூடுதலாகக் குளிர்வித்துவிட்டு, மாலை உச்ச நேரத்தில் ஏசியைத் தளர்த்தினால் உள்ளே இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. சென்னை ஐஐடி ஆய்வுப் பூங்காவில் கூரைச் சூரியத் தகடு, வெளியிலிருந்து வாங்கும் காற்றாலை மின்சாரம், மின்கலம், குளிர்நீர்ச் சேமிப்பு ஆகியவற்றை ஒரே கட்டுப்பாட்டில் கோக்கும் முயற்சி நடந்தது இந்த எண்ணத்தில்தான்.

இதற்குக் கட்டடத்தின் நடத்தையைக் கணினி அறிந்திருக்க வேண்டும். எந்தச் சுவரில் எப்போது வெயில் விழும், எத்தனை பேர் வருவார்கள், நாளை வானிலை எப்படி என்பதை வைத்து அடுத்த 24 மணி நேரத்துக்குத் திட்டம் போட்டு, முதல் கால்மணி நேரத்தை மட்டும் நிறைவேற்றிவிட்டு மறுபடி திட்டம் போடும். பிராகாவில் செக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் கட்டடத்தின் வெப்பமூட்டும் அமைப்பில் இதைச் செய்துபார்த்தபோது 15 முதல் 28 விழுக்காடு வரை ஆற்றல் மிச்சமானது. 2016-இல் கூகுள் தன் தரவு மையத்தில் குளிர்விப்பை இயந்திரக் கற்றலிடம் ஒப்படைத்து, அதற்காகும் மின்சாரத்தை 40 விழுக்காடு குறைத்ததாக அறிவித்தது.

எல்லாக் கட்டடத்துக்கும் இவ்வளவு ஆடம்பரம் வேண்டியதில்லை. காற்றைத் தள்ளும் விசிறியின் வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதியாகும். ஏனெனில் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மின்திறன் மாறுகிறது. ஆனால் பல இடங்களில் விசிறி முழு வேகத்தில் ஓட, வழியில் ஒரு தகட்டை மூடிக் காற்றைக் குறைக்கிறார்கள். மோட்டாரின் வேகத்தை மாற்றும் ஒரு டிரைவும், அறையில் ஆள் எத்தனை என்று கரியமில வாயுவை வைத்து ஊகிக்கும் ஓர் உணரியும் போட்டால் முதல் தவணைச் சேமிப்பு கைக்கு வந்துவிடும்.

கடலூர்க் கரையோரத்தில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு: ஈரப்பதம். பரங்கிப்பேட்டையில் 28 டிகிரியே புழுங்கும். அதனால்தான் ரிமோட்டை 18-க்கு இறக்குகிறார்கள். அவர்கள் தேடுவது குளிரை அல்ல, காய்ந்த காற்றை. வெப்பநிலையை மட்டும் பார்த்து ஓடும் இன்வெர்ட்டர் ஏசி, மெதுவாக ஓடும்போது அதன் சுருள் போதிய அளவு குளிராமல் ஈரத்தை விட்டுவிடும். அறை குளிர்ந்தும் உடம்பு பிசுபிசுக்கும். ஈரப்பதத்தையும் அளந்து ஓட்டும் கட்டுப்பாடுதான் இந்தக் கரைக்குச் சரி. அது வரும்வரை, கூரை மின்விசிறியையும் சேர்த்து ஓட்டினால் ஏசியை இரண்டு டிகிரி மேலே வைத்தும் சௌகரியம் குறையாது. பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. ஆனால் எத்தனையோ அலுவலகங்களில் ஏசி போட்டதும் முதலில் கழற்றுவது மின்விசிறியைத்தான்.

─────────────
24 டிகிரி

2020 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் அறை ஏசிகள் ‘ஆன்’ செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது எரிசக்தித் திறன் பணியகம் கொண்டுவந்த விதி. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பது பணியகத்தின் கணக்கு. ரிமோட்டில் இறக்கிக்கொள்ளத் தடையில்லை. 20-க்குக் கீழே இறக்கவே முடியாதபடி எல்லை வகுக்கும் திட்டத்தை 2025 ஜூனில் மத்திய அமைச்சர் மனோகர் லால் அறிவித்தார்.
─────────────

குட்டைக்குள் பிராணவாயு

பரங்கிப்பேட்டை வட்டாரத்தில் மின்சாரத்தை மணிக்கணக்கில் இழுக்கும் இன்னொன்று இறால் பண்ணை. வெள்ளாற்று முகத்துவாரத்தின் உப்புத் தண்ணீரை நம்பி வனாமி இறால் வளர்க்கும் குட்டைகளில், துடுப்புச் சக்கர ஏரேட்டர்கள் தண்ணீரை அடித்துப் பிராணவாயுவைக் கலக்கின்றன. ஏறத்தாழ 400–500 கிலோ இறாலுக்கு ஒரு குதிரைத்திறன் ஏரேட்டர் என்பது பொதுவான கணக்கு.

பகலில் குட்டைப் பாசியே பிராணவாயு தரும். பொழுது சாய்ந்ததும் பாசியும் அதை உறிஞ்சத் தொடங்கும். விடியலுக்குச் சற்று முன் அளவு அடிமட்டத்துக்கு வரும். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இறால் தவிக்கும். கரண்ட் போய், டீசல் ஜெனரேட்டரும் மக்கர் செய்தால் ஒரே இரவில் மொத்த அறுவடையும் போய்விடும். ஆகவே பண்ணைக்காரர் பயத்தைக் கணக்கில் வைத்து ஏரேட்டரை ஓட்டுகிறார். தேவைக்கு மேல் நாலு சக்கரம் கூடுதலாகச் சுழன்றால் போவது கரண்டு பில். ஒரு சக்கரம் குறைந்தால் போவது முதல். அவருடைய கணக்கு தவறல்ல.

தண்ணீருக்குள் பிராணவாயு உணரி ஒன்றை வைத்து, அளவுக்கேற்ப ஏரேட்டர்களின் எண்ணிக்கையையும் வேகத்தையும் மாற்றினால் கூடுதல் ஓட்டம் குறையும். மாலையில் குட்டை நிறைந்த பிராணவாயுவோடு இருக்கிறது என்று உணரி உறுதி சொன்னால், 7 மணி உச்சநேரத்தில் சில சக்கரங்களைத் தாமதமாகத் தொடங்கலாம். ஆனால் உப்புத் தண்ணீரில் உணரி மேல் சில நாட்களிலேயே பாசி படிந்து பொய் சொல்லத் தொடங்கும். அடிக்கடி துடைக்கவும் அளவு சரிபார்க்கவும் ஆள் வேண்டும். பரங்கிப்பேட்டையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. சிதம்பரத்தில் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் புலம் இருக்கிறது. மோட்டாரையும் இறாலையும் ஒன்றாக அறிந்த கருவி ஒன்றைச் செய்ய இதைவிடத் தோதான ஊர் கிடைப்பது அரிது.

விலை காதில் விழாத நுகர்வோர்

தொகுப்பு தன் நிலையை 4 நொடிக்கு ஒருமுறை பார்த்துக்கொள்கிறது. மின்வாரியம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கணக்குத் தீர்க்கிறது. ஒதுக்கீட்டுக்கு மேல் எடுத்தால், தொகுப்பு எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அபராதம் கூடும். கீழே வீட்டிலோ, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கீட்டாளர் வந்து மீட்டரைப் பார்த்து ஒரே ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு போகிறார். அந்த எண்ணில் நண்பகல் யூனிட்டும் இரவு எட்டு மணி யூனிட்டும் ஒன்றுதான். முதல் 100 யூனிட் இலவசம்; அதற்கு மேல் எவ்வளவு என்பதுதான் கேள்வி, எப்போது என்பதல்ல. பாசனப் பம்புசெட்டுக்கு விலையே இல்லை. உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கோ தமிழ்நாட்டில் உச்சநேரக் கூடுதல் கட்டணம் நெடுங்காலமாக உண்டு. கடலூர் சிப்காட் ஆலை மேலாளருக்கு மணிக்கணக்கு தெரியும், பக்கத்துத் தெருக்காரருக்குத் தெரிய வழியில்லை.

2023 ஜூனில் திருத்தப்பட்ட மத்திய நுகர்வோர் உரிமை விதிகள் இதை மாற்ற முயல்கின்றன. சூரிய ஒளி மிகுந்த எட்டு மணி நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு குறைய வேண்டும். உச்ச நேரத்தில் வணிக, தொழில் நுகர்வோருக்கு 1.2 மடங்காவது, மற்றவர்களுக்கு 1.1 மடங்காவது இருக்க வேண்டும். வேளாண்மைக்கு விலக்கு. நேரத்தை அளக்கும் மீட்டர் இல்லாமல் இது வெறும் காகிதம்.

பாசனத்தில் விலையைத் தொடாமலே வழி உண்டு. பம்புகளுக்குத் தனி ஃபீடர் அமைத்து மும்முனை மின்சாரத்தைச் சூரியன் இருக்கும் நேரத்துக்கு நகர்த்துவது. மகாராஷ்டிரம் 2017 முதல் பாசன ஃபீடர்களைச் சூரிய மின்சாரத்தோடு இணைத்துவருகிறது. நள்ளிரவில் எழுந்து மோட்டார் போடப் போகும் விவசாயியைப் பாம்புக்கடியிலிருந்து காப்பது அதில் கூடுதல் இலாபம்.

கருவியே தடுமாறினால்

2025 ஏப்ரல் 28 நண்பகலுக்குப் பின் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டன. ஐரோப்பிய வல்லுநர் குழு கண்டது, மின்னழுத்தம் அடுக்கடுக்காக ஏறி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகியதை. மின்சாரம் குறையவில்லை, மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்தும் கட்டுப்பாடு போதவில்லை. கூரைச் சூரியத் தகடுகள் பெருகும் தமிழ்நாட்டுத் தெருக்களிலும், நண்பகலில் தாழ்வழுத்தத் தடத்தின் கடைக்கோடி வீடுகளில் வோல்டேஜ் ஏறும். இன்வெர்ட்டர்களாலேயே அதைத் தணிக்க முடியும், அப்படி அமைத்துவைத்தால்.

இன்னொரு ஆபத்து ஒற்றுமை. கட்டணம் குறையும் நிமிடத்தில் லட்சம் கீசர்களும் மின்வாகனச் சார்ஜர்களும் ஒரே சமயத்தில் ‘ஆன்’ ஆனால், பழைய உச்சம் போய்ப் புதிய உச்சம் முளைக்கும். கருவிகள் சில நிமிடம் முன்பின்னாகத் தொடங்கும்படி சிதறவிடுவது எளிய மருந்து. கணினி வழிக் கட்டுப்பாடு என்றால் கணினி வழித் தாக்குதலும் வரும். அதற்கான காவலையும் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.

சத்தமில்லாமல் நடக்கும் தோல்வி வேறு. பெரிய கட்டடங்களில் லட்சக்கணக்கில் செலவழித்து நிறுவிய தானியங்கி அமைப்பில், ஓர் உணரி இரண்டு டிகிரி தவறாகக் காட்டும். புகார் வரும். ஆபரேட்டர் ‘மேனுவல்’ பொத்தானை அழுத்துவார். அது அப்படியே வருடக்கணக்கில் கிடக்கும். திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும். குளிர்விப்பு இயந்திரமான சில்லர் இரவெல்லாம் ஓடும். புதிய மென்பொருள் வாங்கும் பணத்தில் பாதியை உணரிகளைச் சரிபார்க்கவும் ஆபரேட்டருக்குப் பயிற்சி தரவும் ஒதுக்கினால் பல கட்டடங்களில் அதிகம் மிஞ்சும்.

மீட்டர் எங்கே நிற்கிறது

சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் முன்னோட்டமாகப் பொருத்தப்பட்டன. மாநிலத்தின் மற்ற பகுதிகளுக்கான பெரும் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒன்று, கேட்ட விலை அதிகம் என்று 2024 இறுதியில் ரத்தானது. மீட்டர் வந்தபின்னும் அடுத்த வேலைகள் இருக்கின்றன: நேரவாரிக் கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையம் வீடுகளுக்கு வகுப்பது, அந்தக் கட்டணத்தைப் படித்துத் தானாக நடந்துகொள்ளும் ஏசியும் பம்பும் சந்தைக்கு வருவது, மாதம் சில நூறு ரூபாய் மிச்சத்துக்காகத் தன் ஏசியை அரைமணி நேரம் வாரியம் தளர்த்துவதற்கு நுகர்வோர் ஒப்புவது. முதலிரண்டும் அரசாணையிலும் ஆலையிலும் முடியும். மூன்றாவதற்கு, இழந்தது என்ன, கிடைத்தது என்ன என்பதை பில்லிலேயே வரிவரியாகக் காட்ட வேண்டியிருக்கும்.